கசப்பில்லாத மாத்திரை

அத்தியாயம் பதினொன்று

அந்த வாரம் முழுவதும் ஜெனி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்டாஃப் ரூமில் சிரித்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது சிரித்தாள். ஃபிரெடி போன் செய்தபோதெல்லாம் சிரித்தாள். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் மிருதுளா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் ரத்தத்தில் இருக்கும் அதே பிழை அவள் ரத்தத்திலும் இருக்கிறது. இன்று ஒன்றும் செய்யாது. நாற்பதில் செய்யலாம், ஐம்பதில் செய்யலாம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்கும் ஃபிரெடிக்கும் முதல் ஓலை. மூன்று ஞாயிறு ஆராதனையில் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை ஆயர் கேட்பார். யாரும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு ஆயர் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் எத்தனை நொடி என்று ஜெனி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

ஆனால் இன்று சனிக்கிழமை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாள்.

வேதசிரோமணி வாசலில் நின்றார். அம்மா ரத்தினபாய் அவருக்குச் சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நானே போட்டுப்பேன்."

"ஆட்டோ வந்துடுச்சுங்க. நீங்க போட்டு முடிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரிய மூடிடுவான்."

அவர் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார். முப்பது வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை. ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்கன் வாசித்த கை. முதலில் விரல் நுனிகள் மரத்தன. பிறகு பாதங்கள். போன வருஷம் இரண்டு தெரு நடந்தாலே மூச்சு வாங்கியது. மூன்று டாக்டர்கள் சர்க்கரை என்றும் வயசு என்றும் சொன்ன பிறகு மிருதுளாதான் கண்டுபிடித்தாள்.

ஈரலில் உற்பத்தியாகும் ஒரு புரதம். நாலு துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சுற்றிவர வேண்டியது. இந்தக் குடும்பத்தில் அந்தப் பிடி பிறப்பிலேயே பலவீனம். பிடி விட்ட துண்டுகள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக நரம்பிலும் இதயத்திலும் போய்ப் படிகின்றன. அவருடைய அப்பா அப்படித்தான் போனார். அண்ணன் தனசிங்கும் அப்படித்தான்.

முதல் நாள் டாக்டர் விளக்கியபோது அவர் உற்சாகமாகிவிட்டார்.

"சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். நாலு குரலும் சேர்ந்து நின்னாத்தான் பாட்டு. ஒருத்தன் விலகுனா எல்லாரும் கலைஞ்சு ஒரே கூச்சல். அதானே டாக்டர்?"

"அதேதான் சார். இந்த மாத்திரை ரொம்பச் சின்ன மூலக்கூறு. அந்த நாலு பேருக்கு நடுவுல போய் உக்காந்து, எல்லார் கையையும் பிடிச்சுக்கும். கலைய விடாது."

"ஏற்கெனவே கலைஞ்சு படிஞ்சது?"

"அதைக் கரைக்காது. இனிமே படியாம பாத்துக்கும்."

அன்று அந்த அறையில் ரத்தினபாயும் இருந்தாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரை கடையில் கிடைக்காது. இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது. அந்தத் திட்டத்தில் வேதசிரோமணிக்கு இடம் கிடைத்ததற்காகக் கோயிலில் தனியாக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள். மாதம் ஒரு புட்டி. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு, புதுப் புட்டியை வாங்கி வர வேண்டும்.

ஆட்டோ முனிரத்தினத்துடையது. செம்பாக்கத்திலிருந்து எங்கே போவதானாலும் அவன்தான்.

"இன்னா சார், பாப்பாவுக்கு நாளிக்கு சர்ச்சுல பேர் படிக்கிறாங்களாமே?"

"முதல் ஓலைப்பா."

"யாருக்காச்சும் ஆட்சேபண கீதான்னு மூணு தபா கேப்பாங்களாம். எனக்கு ஒரு தபா கூட கேக்கல சார். கேட்டுருந்தா நானே கைய தூக்கிருப்பேன்."

வேதசிரோமணி சிரித்தார். ஜெனியும் சிரித்தாள். ரத்தினபாய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேம்ப் ரோட்டில் சிக்னல் விழுந்து வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன. 

ஆஸ்பத்திரியில் மிருதுளா வழக்கமாக எழுந்து வந்து அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவாள். இன்று எழவில்லை.

"மாத்திரை தினமும் போடறீங்களா சார்?"

"காலையில டிபன் முடிஞ்சதும். ஒரு நாள் விட்டதில்ல. இவதான் கையில எடுத்துக் குடுக்கிறா, கேளுங்க."

"போன ரெண்டு தடவையும் எடுத்த ரத்தத்துல மருந்து இல்ல சார்."

"குறைஞ்சிருக்கா?"

"குறையல. இல்லவே இல்ல."

அவர் புரியாமல் டாக்டரைப் பார்த்தார், பிறகு ஜெனியைப் பார்த்தார்.

"புட்டி சரியா காலியாகி வருது. ரத்தத்துக்கு வரல. அப்ப மாத்திரை எங்க போச்சுன்னு ஆராய்ச்சிக் கமிட்டியில கேக்குறாங்க. வெளியில குடுத்துட்டாங்களா, வித்துட்டாங்களான்னு..."

"வித்துட்டேனா?"

"நான் சொல்லல சார். அவங்க கேக்குறாங்க."

"ஒரு பிள்ளைகிட்ட டியூஷன் ஃபீஸ் வாங்காதவன்மா நான். செம்பாக்கத்துல யாரை வேணா கேளுங்க." அவர் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார். "உங்க மருந்துலதான் கோளாறு. முன்னல்லாம் நாக்குல பட்டா வேப்பெண்ணெய் மாதிரி இருக்கும். காபி குடிச்சாலும் போகாது. இப்பக் குடுக்கிறது கசக்கவே இல்ல. லேசா தித்திக்குது. அதைப் போய்க் கேளுங்க கம்பெனிக்காரன்கிட்ட."

மிருதுளாவின் பேனா நின்றது. அவள் ஜெனியைப் பார்த்தாள். ஜெனி அம்மாவைப் பார்த்தாள்.

ரத்தினபாய் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஆன்ட்டி?" என்றாள் மிருதுளா.

"எனக்கென்னம்மா தெரியும். குடுத்ததைக் குடுக்கிறேன்."

இந்த மாதப் புட்டியை மிருதுளா கொடுக்கவில்லை. திங்கட்கிழமை காலைக்குள் உண்மை தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றாள்.

"எடுத்துட்டா நான் என்ன செய்யறது?"

மிருதுளா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற மருந்து இருக்கு சார். நம்மளால வாங்க முடியற விலையில இல்ல."

வெளியே வரும்போது ஜெனியை மட்டும் நிறுத்தினாள். "நீ வீட்ல சொல்லிட்டியா?"

"இல்ல மேடம்."

"அந்தப் பையன்கிட்ட?"

ஜெனி சிரித்தாள். 

வீட்டுக்கு வந்ததும் வேதசிரோமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போய்ப் படுத்தார். ரத்தினபாய் சமையலறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்தாள்.

ஹாலில் அண்ணன் ஜேசன் லுங்கியோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாவலூரில் அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் ராத்திரி வேலை. விடிந்த பிறகு வந்து, மதியம் எழுந்து, பல் துலக்கியதும் சாதம். முப்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். ரத்தப் பரிசோதனைப் பேச்செடுத்தால் வீட்டைவிட்டே போய்விடுவான். தங்கைக்கு முதலில் முடியுங்கள் என்று சொல்லியே இந்தக் கல்யாணத்தை ஏற்பாடு செய்ய வைத்தவன் அவன்தான்.

"என்னவாம் ஹெட்மாஸ்டருக்கு? மூஞ்சி ஒரு முழம் தொங்குது."

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

"அம்மா காலைல அவசரத்துல எனக்கு வைட்டமின் குடுக்காம போயிட்டாங்க. அதை எடு."

ராத்திரி வேலைக்காரனுக்கு வெயிலே படுவதில்லை, எலும்பு கெட்டுப்போகும் என்று அம்மா தினமும் கொடுக்கும் மாத்திரை. ஃபிரிட்ஜ் மேல் தைலப் பாட்டிலுக்கும் ஜெபப் புத்தகத்துக்கும் நடுவில் அந்த டப்பா இருந்தது. ஜெனி எடுத்துக் கொடுத்தாள். ஜேசன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினான். சொம்பில் தண்ணீர் இல்லை. ஜெனி நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அவன் முகம் கோணிப்போயிற்று.

"சே. என்ன வைட்டமினோ. வேப்பெண்ணெயக் குடிச்ச மாதிரி."

சொம்பு கையில் இருந்தது. ஜெனி அதைக் கொடுக்க மறந்து நின்றாள்.

"குடுடி, செத்துருவேன்."

கொடுத்தாள். டப்பாவை எடுத்து உள்ளங்கையில் ஒரு மாத்திரையைக் கொட்டிப் பார்த்தாள். வெள்ளை. நீள உருண்டை. முன்பெல்லாம் அப்பாவுக்கு எடுத்துக்கொடுத்தது அவள்தான். ஈஸ்டருக்குப் பிறகு, உனக்கு ஸ்கூலுக்கு நேரமாகுது, நான் பாத்துக்கிறேன் என்று அம்மா அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். நடுவில் கோடு போட்ட இந்த மாத்திரையை ஜெனிக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறையில் ரத்தினபாய் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நாளை ஆராதனை முடிந்து ஃபிரெடி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். ஜெனி டப்பாவை இறால் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ரத்தினபாய் அதைப் பார்த்தாள். ஒரு இறாலின் தலையைக் கிள்ளி எறிந்தாள்.

"கதவைச் சாத்து."

ஜெனி சாத்தினாள்.

"அவருக்கு நெஞ்சுல படிஞ்சது படிஞ்சதுதான். அந்தம்மாவே சொன்னா, நீயும்தான் கேட்டே. கரைக்காது, இனிமே படியாம பாத்துக்கும்னு. படியாம பாத்துக்கிற மருந்தைப் படிஞ்சவருக்குக் குடுத்து என்ன புண்ணியம்? இன்னும் படியாதவனுக்குத்தானே குடுக்கணும்?"

"அப்பாவுக்கு இன்னும் மோசமாகாம இருக்கும்மா."

"எத்தனை நாளைக்கு? அவரு வாழ்ந்துட்டாரு. பேர் எடுத்துட்டாரு. பொண்ணைக் கட்டிக்குடுக்கப்போறாரு. இவன் என்னத்தைக் கண்டான்? பயந்துகிட்டே ராத்திரியில வேலை பாத்துட்டுப் பகல்ல தூங்குறான்."

"அவனுக்கு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நடையைப் பாரு. கட்டை விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வைப்பான், அப்படியே அவங்கப்பா. தனசிங் மாமாவும் அப்படித்தான் வைப்பாரு. அந்தக் குடும்பத்துல ஆம்பளைங்களைத்தான் அது தேடித் தேடிப் புடிக்குது."

"பாளையங்கோட்டை அத்தை?"

"அவளுக்குச் சர்க்கரை."

"கால் மரத்துப்போய், கடைசியில நெஞ்சு வீங்கித்தானே போனாங்க."

"சர்க்கரைன்னு அவ வீட்டுக்காரரே சொன்னாரு. உனக்கு என்ன இப்ப?"

ஜெனி வாயைத் திறந்தாள். அம்மாவின் விரல்களில் இறால் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கருப்பு நரம்பை இழுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள், ஒன்று முடிந்ததும் அடுத்தது. 

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள் ஜெனி. "இல்லன்னா நான் சொல்லுவேன்."

"நாளைக்கு ஓலை முடியட்டும்."

"நாளைக்கு நற்கருணையும் இருக்கும்மா. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போய் வாங்குவே?"

ரத்தினபாயின் கை அப்போதுதான் நின்றது.

மாடிக்குப் போய் ஜெனி மிருதுளாவுக்குப் போன் செய்தாள். மிருதுளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாத்திரை சாப்பிட்டவர் நேரில் வர வேண்டும் என்றாள். அவருடைய ஈரலையும் பார்க்க வேண்டும், அந்தப் பிழை அவருக்கும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லாத உடம்புக்குள் மாதக்கணக்கில் இந்த மருந்து போயிருந்தால் அது தனி விவகாரம்.

"உங்கண்ணன் திங்கட்கிழமை வந்து ரத்தம் குடுத்தார்னா, சாருக்காக நான் கமிட்டியில சண்டை போடலாம். வரலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல ஜெனி."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை, கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். அதற்கு முந்திய சனிக்கிழமை விளக்கு வைத்ததும் நாலு பேரும் பாய் விரித்து உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். ஒருவர் மேல் ஒருவருக்குக் குறை இருந்தால் அங்கே சொல்லித் தீர்த்துவிட வேண்டும். மனஸ்தாபத்தோடு கர்த்தருடைய பந்திக்குப் போகக்கூடாது. பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான் வரும். அப்பாவின் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்தது யார், கோயிலுக்கு லேட்டாக்கியது யார்.

வேதசிரோமணியால் கீழே உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தார். அவரே பாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே மூச்சு முட்டியது. ஜேசன் இழுத்துக்கொண்டு போய் முடித்தான்.

"யாராவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டார். காலையிலிருந்தே அவர் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

ரத்தினபாய் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜெபம் பண்ணு ரத்தினம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ரத்தினபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்த மாலை வேளைக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். நாளைய தினம் எங்கள் மகளுடைய ஓலை வாசிக்கப்படப்போகிற கிருபைக்காக நன்றி." மூச்சு விட்டாள். "ஆண்டவரே, உம்முடைய அடியாள் ஒரு காரியம் செய்தேன். என் புருஷனுக்கென்று கொடுத்த மருந்தை அவருக்குக் கொடுக்காமல் என் மகனுக்குக் கொடுத்தேன். ஈஸ்டர் பண்டிகை முடிந்ததிலிருந்து கொடுத்துவந்தேன். அவருக்கு வேறே மாத்திரையைக் கொடுத்தேன். நீர் எல்லாம் அறிந்தவர். தாயின் வயிறு எரிவதும் உமக்குத் தெரியும். என் பிள்ளையை அந்த வியாதி தொடாதபடி..."

ஜெனி கண்ணைத் திறந்துவிட்டாள். ஜேசனும் திறந்துவிட்டான். ஜெபத்தின் நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் அங்கே போய்ச் சொன்னாள்.

"...இதைக் கேட்கிற யாவரும் உமது அடியாளை மன்னிக்கும்படி அவர்கள் மனதை இளகப்பண்ணும்..."

"ரத்தினம்."

அவள் நிறுத்தவில்லை. "உம்முடைய..."

"கண்ணைத் திற. அவர் கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். என்கிட்ட சொல்லு."

முக்காட்டுக்குள் அவள் கண்ணைத் திறந்தாள்.

"உங்களுக்குப் படிஞ்சது..."

"ஈஸ்டருக்கு நான் ஆர்கன் வாசிச்சேன்" என்றார் வேதசிரோமணி. "ஞாபகம் இருக்கா? ஆயர் எல்லார் முன்னாலயும் சொன்னார், சாருக்குக் கை திரும்ப வந்துடுச்சுன்னு. திரும்ப வரல. இருந்தது அப்படியே நின்னுச்சு. அவ்வளவுதான். அந்த மாத்திரை நிறுத்தி வெச்சிருந்துச்சு. இன்னிக்கு என்னால ஒரு பித்தான் போட முடியல."

"எப்படியும் போகப்போற கைதானேங்க."

"போனது போகட்டும். மிச்சம் இருந்தது என்னோடது. அதை எடுத்து நீ யாருக்குக் குடுக்கலாம்?"

"உங்க பிள்ளைக்குத்தானே குடுத்தேன்! ஊரான் பிள்ளைக்கா குடுத்தேன்? ஒரு அப்பன் தானா குடுத்திருக்கணும்!"

"கேட்டியா என்னை? கேட்டிருந்தா..." அவர் வாய் திறந்தபடி நின்றது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. "என்னைத் திருடன்னு சொல்றாங்க. மாத்திரையை வித்தவன்னு சொல்றாங்க. நீ பக்கத்துல உக்காந்து ஜிப்பை இழுத்துக்கிட்டு இருக்கே."

ஜேசன் எழுந்து நின்றான். "ஒரு நிமிஷம். எனக்கு என்னத்தைக் குடுத்தீங்க? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

ஜெனி சொன்னாள். மிருதுளா சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை. ரத்தம். கமிட்டி.

"நான் வர மாட்டேன்."

"அண்ணா, ஈரலைப் பாக்கணும்னு..."

"ஈரலை வேற இடத்துல பாத்துக்கிறேன். அங்க வந்தா அதையும் பாப்பாங்க. பாத்து, இருக்குன்னு சொல்லுவாங்க. எனக்கு அது தெரிய வேணாம். எத்தனை தடவை சொல்றது இந்த வீட்ல?"

"ஜேசன்" என்றார் வேதசிரோமணி. மகனிடம் அவர் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கும் குரலே அவருக்கு வரவில்லை. "நீ வரலைன்னா எனக்கு மருந்து கிடையாதுப்பா."

"உங்க பொண்டாட்டி பண்ண வேலைக்கு நான் ஏன்ப்பா என் கழுத்தை நீட்டணும்?"

"ஜேசன்!" என்றாள் ரத்தினபாய்.

"நீ பேசாத. இவ்வளவு நாள் என்னைப் பாத்த பார்வை எல்லாம் இதுதானா? தட்டுல சோறு போடும்போதெல்லாம் செத்தவனுக்குப் போடற மாதிரிதான் போட்டியா?" அவன் மறுபடி ஃபிரிட்ஜ் மேல் போய்ச் சேர்ந்திருந்த டப்பாவை எடுத்து வந்து அப்பாவின் மடியில் போட்டான். அவன் மறந்துபோன நாட்களின் மிச்சம் கொஞ்சம் அதில் குலுங்கியது. "இந்தாங்க. வெச்சுக்குங்க. இருக்குன்னு தெரிஞ்சுட்டா மனுஷன் எப்படிக் காலைல எந்திரிப்பான்? எப்படி வேலைக்குப் போவான்? எவளை எப்படிக் கல்யாணம் பண்ணுவான்? சொல்லுங்க, யாராவது சொல்லுங்க பாப்போம்."

"நான் எந்திரிக்கிறேன்" என்றாள் ஜெனி.

யாருக்கும் புரியவில்லை.

"ஏழு மணிக்கு எந்திரிக்கிறேன். ஸ்கூலுக்குப் போறேன். ரவிக்கைக்கு அளவு குடுத்தேன்." அவள் முகத்தில் அந்த வாரத்துச் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு இருக்கு. செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாங்க."

ஜேசன் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான்.

"பொம்பளப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தாள் ரத்தினபாய்.

"வரும். அத்தைக்கு வந்துச்சு. எனக்கு வந்திருக்கு." ஜெனி அம்மாவுக்கு நேராகத் திரும்பினாள். "அத்தனை நாள் உன் கையில அந்தப் புட்டி இருந்துச்சு. அப்பாவுக்கா, அண்ணனுக்கான்னு யோசிச்சிருக்கே. எனக்கும் ஒருவேளை வேண்டியிருக்கும்னு ஒரு தடவை கூடத் தோணலையாம்மா?"

ரத்தினபாயின் முக்காடு தோளில் விழுந்தது. அவள் அழுவாள் என்று ஜெனி நினைத்தாள். எழுந்து வந்து கட்டிக்கொள்வாள் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

"ஃபிரெடி வீட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அம்மா.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"நாளைக்கு ஆயர் கேப்பாரே, தடை இருந்தா சொல்லலாம்னு" என்றாள் ஜெனி. "கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் நிப்பார்."

"நீ அங்க வாயைத் திறந்தேன்னா..." என்றாள் ரத்தினபாய்.

"அப்பா" என்றாள் ஜெனி. அம்மாவிடம் பேசுவதற்கு இனி ஒன்றும் இல்லாததால்தான் அவர் பக்கம் திரும்பினாள். வேறு எதையும் கேட்பதற்காக அல்ல.

வேதசிரோமணி மகளைப் பார்த்தார். கண் நிறைந்து தளும்பியது. ஏதோ சொல்ல உதடு அசைந்தது. ஆனால் அதற்கு முன்பே, மரத்துப்போன அந்த வலது கை தடுமாறித் தடுமாறி மடியில் கிடந்த டப்பாவைத் தேடிப் பிடித்து, சட்டைப் பைக்குள் போட்டு, மேலே பொத்திக்கொண்டது.

அது தன் கைதான் என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. அது யாரிடமிருந்து டப்பாவைப் பொத்துகிறது என்று ஜெனிக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.